இடம் மாறக் கூடாது என்று ஜெபித்தேன்

போன வருடம் ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த சமயம். தி.நகரில் எங்கள் துணிக்கடைக்குள் கால் வைக்க இடமில்லை. என் கை புடவையை மடித்துக்கொண்டிருந்தது. வாய், "பார்டர் பாருங்கக்கா, துவைச்சாலும் போகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் ஒரே பயம். என் மகளின் படிப்பு என்னால் கெட்டுப்போகப் போகிறது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வீட்டுக்குப் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கடையிலேயே நேரத்தைக் கடத்துவேன். அந்தப் பயத்தைப் பற்றியும், அதில் ஆண்டவர் எங்களைக் கைவிடாததைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லி எங்கள் பங்குக் கோயில் ஃபாதர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. புடவை விற்கிற வாய்தான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

என் பெயர் லூர்து மேரி. மயிலாப்பூரில் கடற்கரைக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள் குடியிருக்கிறோம். என் கணவர் சேவியர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், ரெஜினா. நான் பத்தாவது பாஸ். அவர் அதுவும் இல்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் கிடையாது. ஆனால் ரெஜினா கணக்கில் கெட்டிக்காரி. மெட்ரோ ரயிலுக்காக எங்கள் பக்கமெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, ஸ்கூலுக்குப் போகும்போது அந்தத் தகரத் தடுப்பில் இடைவெளி தெரிந்தால் போதும், நின்றுவிடுவாள். உள்ளே என்ன இறக்குகிறார்கள், எவ்வளவு ஆழம் என்று பார்த்தால்தான் நகர்வாள். நான் பஸ் போகிறதே என்று கத்துவேன். "நான் சிவில் படிக்கணும்மா" என்று ஒன்பதாவது படிக்கும்போதே சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது சிவில் என்றால் கோர்ட் கேஸ்தான் தெரியும்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். முதல் மார்க் இல்லை, ஆனால் நல்ல மார்க். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டோம். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அவரும் நானும் மாறி மாறித் தாலுகா ஆபீஸுக்கு அலைந்து வாங்கிவிட்டோம். குடும்பத்திலேயே முதல் முதலாகப் பட்டம் படிக்கப்போகிற பிள்ளைக்கு அரசாங்கம் ஃபீஸ் கட்டும் என்று அவருடைய ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லியிருந்தார்கள். "ஒத்த பைசா கட்ட வேணாம் மேரி, எந்த காலேஜா இருந்தாலும்" என்று வந்து சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். விவரம் முழுதாகத் தெரியாமல் ஏற்றிய மெழுகுவர்த்தி அது.

அடுத்தது கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலை. கலந்தாய்வு இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். நமக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று மேலிருந்து கீழாக வரிசையாகக் கொடுக்க வேண்டும். மேலே இருப்பதை முதலில் பார்ப்பார்கள். அங்கே இடமில்லை என்றால் அடுத்தது, அதுவும் இல்லை என்றால் அதற்கடுத்தது. ரெஜினா தானே யோசித்து அரசுக் கல்லூரிகளை மேலே போட்டிருந்தாள். அவள் மார்க்குக்குக் கிடைக்கக்கூடிய அரசுக் கல்லூரிகள் எல்லாம் தென் மாவட்டங்களில் இருந்தன. லஸ் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"இன்னாடி இது, எல்லாமே அவ்ளோ தூரத்துல கீது. மெட்ராஸ்ல காலேஜே இல்லயா?"

"இருக்கும்மா. அதெல்லாம் பிரைவேட். எவ்ளோ கேப்பாங்கன்னு தெரியாது."

"அதான் முதல் பட்டதாரி கீதே. ஒரே புள்ளைய வச்சிக்கினு அங்கெல்லாம் அனுப்ப முடியாது. இங்க இருக்கிறத மேல போடு."

எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை அவள். சென்னையைச் சுற்றி இருக்கிற தனியார் கல்லூரிகளைத் தூக்கி மேலே போட்டாள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற ஒரு பெரிய கல்லூரி முதலிடத்துக்கு வந்தது. அதன் பஸ் எங்கள் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடுவாள் என்பதுதான் என் கணக்கு. தென் மாவட்டத்து அரசுக் கல்லூரிகள் அதற்கெல்லாம் கீழே போயின.

எந்தக் கல்லூரி என்ற ஒதுக்கீடு வந்தது. மேலே போட்டது எதுவும் கிடைக்கவில்லை. தென்கோடியில் ஓர் அரசுக் கல்லூரி, சிவில். ரெஜினா சிரித்தாள். நான் அழுதேன். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர்.

அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு உடனே போய்ச் சேரலாம். இல்லையென்றால் அதை ஏற்றுக்கொண்டு, வரிசையில் மேலே இருக்கிற கல்லூரியில் யாராவது விலகினால் அங்கே மாறிக்கொள்கிறேன் என்று காத்திருக்கலாம். இந்த இரண்டில் ஒன்றை மறுநாளுக்குள் சொல்ல வேண்டும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. காத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகு மேலே இடம் வந்துவிட்டால் மாறித்தான் ஆக வேண்டும். பழைய இடம் தானாகவே இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். எனக்குப் பழையதே போதும் என்று பிறகு சொல்ல முடியாது. ரெஜினா இதை எங்களுக்கு இரண்டு தடவை விளக்கினாள்.

அவளுக்குப் போய்ச் சேர ஆசை. எனக்குக் காத்திருக்க ஆசை. என் கணவர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். "நீயும் அவளும் பேசினா விடிஞ்சிடும். மாதாவே சொல்லட்டும்" என்றார்.

திருவுளச்சீட்டு போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். என் மாமியார் காலத்திலிருந்து எதற்கெடுத்தாலும் சீட்டுதான். வீடு மாறலாமா, ஆட்டோவுக்கு எந்த கலர், ஞானஸ்நானத்துக்கு யாரை ஞானத்தாயாக வைப்பது, எல்லாம். அவர் ஒரு சீட்டில் 'போகலாம்' என்றும் இன்னொன்றில் 'காத்திருக்கலாம்' என்றும் எழுதி, மடித்து, மாதா சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முன்னால் வைத்தார். முழங்காலில் நின்று மங்கள வார்த்தை ஜெபம் சொன்னோம். ரெஜினாவையே எடுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

காத்திருக்கலாம் என்று இருந்தது.

போனை எடுத்துக் காத்திருக்கிறேன் என்பதை அழுத்தினாள். எனக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. மாதா என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பிலோமினாவைப் பார்த்தேன். எங்கள் அன்பியத்தில் இருப்பவள், எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்கிற எங்கள் பங்குக் குழு. பிலோமினாவின் மகன் அந்தப் பெரிய கல்லூரியில்தான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். நான் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க ரெஜினாவுக்கும் உங்க பையன் காலேஜ்தான் மேல போட்டிருக்கோம். கெடச்சா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவாங்க."

அவள் முகம் மாறிப்போனது. என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, பணத்துக்கு இன்னா பண்ணப்போறீங்க?"

"முதல் பட்டதாரிதானே. கட்ட வேணாம்ல."

"அது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் கா. மத்தத யாரு கட்டுவா? பஸ்ஸுக்கு வேற, ட்ரெய்னிங்னு வேற, பரிட்சைக்கு வேற, யூனிஃபார்ம், லேப், அது இதுன்னு வருசா வருசம் மொத்தமா கேப்பாங்க. கட்டலன்னா பரிட்சை எழுத வுட மாட்டாங்க." பிறகு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். "பாருங்க, வளையல் ஒன்னாவது கீதா?"

எப்போதும் கை நிறையப் போட்டிருப்பவள் அவள். கண்ணாடி வளையல்தான் இருந்தது. நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

மறுநாள் ரெஜினாவை அந்தக் கல்லூரிக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். டியூஷன் போக என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். சேரும் நாளிலேயே முழுசாகக் கட்ட வேண்டுமாம். தவணை கிடையாதாம். என் கணவர் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை வைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வண்டிய வித்தாலும் ஒரு வருசம்தான் மேரி. அப்புறம் வண்டியும் இருக்காது."

அரசுக் கல்லூரிக்கும் போன் போட்டோம். அங்கே எடுத்தவர் சொன்ன ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் எங்கள் சக்திக்குள் இருந்தது. கஷ்டப்பட்டால் முடியும். அந்த இடம் எங்கள் கையில் இருந்தது, நான்தான் அதைப் பணயம் வைத்துவிட்டேன்.

கலந்தாய்வு உதவி மையத்துக்கு ஓடினோம். மேஜையில் இருந்த பையன் நல்ல பையன். நான் விம்மிக்கொண்டே சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"கன்ஃபார்ம் பண்ணிட்டீங்கம்மா. இனிமே மாத்த முடியாது. ரிசல்ட் வரட்டும்."

"மேல கெடச்சிட்டா?"

"நல்லதுதானேம்மா. எல்லாரும் அதுக்குத்தான் வேண்டிக்கினு இருக்காங்க."

"கெடச்சு, நாங்க அங்க சேரலன்னா?"

"ரெண்டும் போயிடும்மா."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். ரெஜினா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. மந்தைவெளி தாண்டி மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் வண்டி நின்றபோது, தடுப்பு நன்றாகத் திறந்தே கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. கடையில் எனக்கு எதிர் கவுன்டரில் நிற்கிற பெண்களில் எத்தனை பேர் நன்றாகப் படித்துவிட்டுப் பணம் இல்லாமல் புடவை மடிக்க வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் என் மகளும் நிற்பாள் என்று நினைத்தேன். அவளை அங்கே நிறுத்துவது நானாக இருப்பேன்.

ரிசல்ட் வரக் காத்திருந்த அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. மாதா மேல் கோபம் வந்தது. நான் கேட்டபோது நீதானே சீட்டில் சொன்னாய், இப்போது இப்படி வேடிக்கை பார்க்கிறாயே என்று சுரூபத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் கடைக்குப் போகும் முன் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனேன். என் பக்கத்தில் ஓர் அம்மா தன் பையனுக்கு மேலே இருக்கிற காலேஜ் கிடைக்க வேண்டும் என்று முணுமுணுத்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே கிடைக்கக் கூடாது என்று ஜெபித்தேன். எனக்கே விநோதமாக இருந்தது. என் பிள்ளையை உயர்த்தாதீர் என்று எந்தத் தாயாவது கேட்பாளா?

கேட்கும்போதே இன்னொன்றும் புரிந்தது. அந்த இடம் மாறக் கூடாது என்று கேட்டால், என் மகள் என்னை விட்டுப் போக வேண்டும் என்று கேட்பதாகத்தானே அர்த்தம். எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அதையே நான் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. சொல்ல வரவில்லை. அழுதேன், எழுந்தேன், பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அரைகுறையாகத்தான் ஜெபித்தேன்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். பிலோமினாவிடம், நாங்கள் மாட்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கக்கூடத் தெரியாத அம்மா என்று பேசுவார்களே. வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் முன்பு பெருமையாகச் சொன்னதை மட்டும் கேட்டிருந்த அன்பியத் தலைவி செலின் டீச்சர் ஆரம்பித்தார். ரிட்டையர் ஆன டீச்சர், குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான்.

"இன்னிக்கு நம்ம ஜெபக் கருத்து, மேரி மகளுக்காக. கையில ஒரு சீட் இருக்கு. ஆனா சென்னையிலேயே, அந்தப் பெரிய காலேஜ்லயே ஆண்டவர் இடம் கொடுக்கணும். எல்லாரும் விசுவாசத்தோட கேளுங்க."

செலின் டீச்சர் ஜெபித்தால் கேட்கப்படும் என்று எங்கள் பங்கில் ஒரு பேர் உண்டு. அவர் ஜெபித்து நடந்த கல்யாணங்கள் எத்தனை, கிடைத்த வேலைகள் எத்தனை. அவரோடு சேர்ந்து ஒரு வீடு நிறையப் பெண்கள் என் மகளை அந்தக் கல்லூரிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் அரைகுறையாக ஜெபித்த நான் ஒருத்தி மட்டும். ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார்? இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நிஜமாகவே அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஜெபமாலையில் முதல் பத்து மணிகள் உருண்டு முடிந்தன. இரண்டாவது பத்து மணி ஆரம்பித்தது. ஒவ்வொரு மணியும் நகர நகர அந்த இடம் எங்கள் கையை விட்டு நழுவுவது போல இருந்தது. பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். அவள் உதடும் அசையவில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

ஜெபமாலையை நடுவில் யாரும் நிறுத்தியதில்லை. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"எனக்காக அந்த காலேஜ கேக்காதீங்க. அங்க கெடச்சா என் பொண்ணு படிப்பே போயிடும்." பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வரிசையை மாற்றியது, சீட்டுப் போட்டது, அந்தப் பெண் போனில் சொன்னது, அவர் தரையில் உட்கார்ந்தது, எல்லாம். "நான் அவள பக்கத்துலயே வச்சிக்கணும்னு ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டு அவ படிப்புலயே கை வச்சிட்டேன்" என்று சொல்லி முடிக்க முடியாமல் அழுதேன்.

எதிர்பாராமல் பிலோமினா வாயைத் திறந்தாள். தன் மகன் ஃபீஸுக்கு என்னென்ன போனது, இந்த வருடம் எப்படிக் கட்டப்போகிறேன் என்று தெரியவில்லை, வெட்கத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று அவளும் சொல்லி அழுதாள். வாராவாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லியிருக்கிறோம். ஒருவருக்கும் தெரியாது.

செலின் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி மேரி. இப்போ ஆண்டவர்கிட்ட இன்னா கேக்கணும்? நீயே சொல்லு."

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அரைகுறையாக விட்டதை அங்கே முழுசாகச் சொன்னேன்.

"இப்ப கெடச்ச எடம் மாறக் கூடாது டீச்சர். அவ அங்க போகணும்."

"அப்போ முதல்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றார் டீச்சர். சொன்ன மணிகளையெல்லாம் விட்டுவிட்டு, சிலுவை அடையாளத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். எல்லோருக்கும் வீட்டில் வேலை இருந்தது. ஒருத்தியும் எழுந்து போகவில்லை. அன்றைக்குத்தான் ரெஜினா வெகு நாட்களுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து ஜெபமாலை சொன்னாள்.

ஜெபித்துவிட்டதால் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போகவில்லை. ரிசல்ட் அன்று எனக்கு லீவ் கிடைக்கவில்லை, ஆடியில் யாருக்கும் கிடைக்காது. கடைக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் புடவை விரித்துக்கொண்டிருந்தேன். அரக்கு கேட்டவருக்குப் பச்சையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கல்யாணக் கும்பல் வந்து மாடியே நிறைந்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு ஓர் ஆள் படியேறி வருவது தெரிந்தது. என் கணவர். என் கடைக்குள் அவர் ஒரு நாளும் வந்தவரில்லை. வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். பெண்களை இடித்துவிடாமல் கையைக் குறுக்கிக்கொண்டு வந்து என் கவுன்டருக்கு முன்னால் நின்றார். அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாறல" என்றார்.

"இன்னா மாறல?"

"எடம் மாறல மேரி. அதே காலேஜ்தான். அதே சிவில்தான்."

விரித்த புடவை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். திட்டத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கல்யாணக் கும்பலில் ஓர் அம்மா, "என்ன ஆச்சும்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "ஒன்னும் ஆவலம்மா" என்றேன். "ஒன்னுமே ஆவல." அதைச் சொல்லும்போது எனக்கு அப்படி ஓர் அழுகை.

என் சாட்சி இதுதான். வியாதி குணமானது, கடன் தீர்ந்தது என்று சொல்ல மற்றவர்களுக்கு இருக்கிறது. எங்கள் விஷயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஆண்டவர் எங்களை அசையாமல் பிடித்துக்கொண்டார். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் என்னிடம், அந்தக் காலேஜில் யாரும் விலகியிருக்க மாட்டார்கள், அதனால் மாறவில்லை, இதில் என்ன அற்புதம் என்றார். இருக்கலாம். ஆனால் யாரும் விலகாமல் இருக்கத்தானே நாங்கள் கேட்டோம். எனக்கு அது போதும்.

ஒரு விஷயத்தில் நான் மாறிவிட்டேன். சீட்டுப் போட்ட அன்றைக்கு மாதா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நான் நினைத்தது அநியாயம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டியதை நான் மாதாவின் தலையில் கட்டினேன். இப்போது எங்கள் அன்பியத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஜெபமாலை முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போக மாட்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளை ஆசைப்படுகிற ஒவ்வொரு கல்லூரிக்கும் பேசுவோம். பிலோமினாதான் கேள்வி கேட்பாள். அவளை விட்டால் ஆளில்லை. "டியூஷன் கெடக்கட்டும் மேடம், மத்தது எல்லாம் சேத்து மொத்தமா சொல்லுங்க. பஸ் வேணாம்னா வுடுவீங்களா? ரெண்டாம் வருசம் ஏறுமா?" என்று விடாமல் கேட்பாள். அரசுக் கல்லூரி எது, அரசு உதவி பெறுவது எது என்று முதலில் பார்த்து, அதையெல்லாம் மேலே வைத்த பிறகுதான் மற்றது. அவள் மகனுடைய ஃபீஸுக்கும் உதவி கேட்டு ஃபாதர் நாலு இடத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு இடத்திலிருந்து உதவித்தொகை வந்தது. அன்றைக்கு அவள் அழுதிருக்காவிட்டால் ஃபாதருக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் படிப்புக்காக இப்போது பயந்துகொண்டிருக்கிற அம்மா அப்பாக்கள் இதைப் படித்தால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயத்தை மறைத்துக்கொண்டு அழகாக ஜெபிக்காதீர்கள். என்ன பயம் என்று ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் பாதி நேரம் அவர்கள் வழியாகத்தான் வருகிறார். கூச்சமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நாங்கள் எந்த மதம், எந்தப் பங்கு என்று பார்ப்பதில்லை. போன வாரம் ராயப்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் தம்பதி தங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், பிலோமினா அவர்களுக்காகவும் போன் போட்டாள்.

ரெஜினாவை எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டோம். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவர் இறங்கவே இல்லை, வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் குதித்தார். இப்போது அவள் இரண்டாம் வருடம். அங்கே ஏதோ பாலம் கட்டுகிறார்களாம், போன் செய்தால் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுகிறாள். எனக்குப் பாதி புரியாது. உம் கொட்டிக்கொண்டிருப்பேன். அவள் போனை வைத்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அவருக்கும் எனக்கும் சோறு போட்டுவிட்டு மூன்றாவது தட்டுக்குக் கை தானாகப் போகும். அழுகை வரும், வரட்டும் என்று விட்டுவிடுவேன். நான் கேட்டதைத்தான் ஆண்டவர் கொடுத்திருக்கிறார். அவள் இங்கே இல்லாததற்கும் சேர்த்துத்தான் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.